கரிக் கணக்கில் நடுநிலை

ஒரு சொல் தன் பொருளைவிட்டு நீங்கி விளம்பரத்தில் குடியேறுமாயின், அதனை நிறுத்தி விசாரிப்பது மொழி கற்பிப்போர் கடமையாகும். இன்று அவ்வாறு விசாரிக்கத் தக்கது ‘கரிம நடுநிலை’ என்னும் தொடர். பிரிட்டனில் பல கிளைகளையுடைய ‘தி ஜிம் குரூப்’ என்னும் உடற்பயிற்சிக்கூட நிறுவனம், அந்நாட்டில் கரிம நடுநிலை எய்திய முதல் உடற்பயிற்சிக்கூடத் தொடர் நிறுவனம் எனத் தன்னை அறிவித்துக்கொண்டது. பினாங்கு ஜார்ஜ் டவுனிலும் குளிரூட்டப்பட்ட பயிற்சிக்கூடங்கள் பல உள. அத்தொடர் இங்கும் பரவுமுன் அதன் எடையை அறிந்துகொள்ளுதல் நன்று.

திருக்குறளில் ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தைப் பயின்ற மாணவனுக்கு, நடுநிலை என்றவுடன் துலாக்கோல் நினைவுக்கு வரும். துலாக்கோலுக்குத் தட்டுகள் இரண்டு. விளம்பரம் நடுவில் நிற்கும் முள்ளை மட்டுமே காட்டுகிறது. தட்டுகளில் இருப்பவை யாவை எனக் காண்போம்.

முதல் தட்டில் இருப்பது வெளிவிட்ட வாயு. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியாலும் இயற்கை எரிவாயுவாலும் ஆக்கப்படுவது. ஆதலின் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. ஒரு கூடத்தின் குளிரூட்டிகள் 30 கிலோவாட் கொண்டு நாள்தோறும் 16 மணி நேரம் ஓடுவதாகக் கொள்வோம். செலவு 480 யூனிட். வாயு 360 கிலோகிராம். ஓராண்டில் 130 டன்னுக்கு மேல். மிதிவண்டிப் பொறிகளை மிதித்தே மின்சாரம் ஆக்கலாமே என்பாரும் உளர். ஒருவர் தொடர்ந்து மிதித்துத் தரக்கூடியது ஏறக்குறைய 100 வாட். எனவே 300 பேர் ஓயாது மிதிக்கவேண்டும். அவர்தம் உடல் வெப்பத்தைத் தணிக்க மேலும் சில குளிரூட்டிகள் வேண்டும்!

மறு தட்டில் வைக்கப்படுவது பெரும்பாலும் ஈட்டுச் சான்று. எங்கோ ஒரு காட்டைக் காத்ததால் தவிர்ந்த வாயுவை டன் கணக்கில் விலைகொடுத்து வாங்கித் தன் கணக்கில் கழித்துக்கொள்வது இம்முறை. மலேசியப் பங்குச் சந்தை 2022 டிசம்பரில் இதற்கெனத் தனிச் சந்தை தொடங்கியது. சபாவின் குவாமுட் காட்டுத் திட்டச் சான்றுகள் 2024இல் அங்கே ஏலத்துக்கு வந்தன. காட்டைக் காக்கப் பொருள் வேண்டும், அப்பணி போற்றத்தக்கதே. ஆயின் போற்றுதல் வேறு, கணக்கு வேறு. பயிற்சிக்கூடத்தில் சேர்ந்த ஒருவர், “எனக்காக வேறொருவர் ஓடுவதற்குப் பணம் கட்டிவிட்டேன், என் எடையைக் குறைத்து எழுதுங்கள்” என்றால் பயிற்சியாளர் நகைப்பார். தோட்டத்துப் பால் கொட்டகையிலும் ஒருவர் வாளிப் பாலை மற்றொருவர் பெயரில் எழுதுதல் முறையன்று. உறுப்பினரின் உடலுக்கு ஒரு நீதி, நிறுவனத்தின் புகைக்கு வேறொரு நீதி என்பது எவ்வாறு பொருந்தும்?

ஐரோப்பிய ஒன்றியம் இதனை உணர்ந்தே, ஈட்டுச் சான்றைக் காட்டி ஒரு பொருளை நடுநிலையானது என விளம்பரம் செய்வதைத் தடுக்கும் நெறிமுறையை 2024இல் இயற்றியது. 2026 செப்டம்பர் 27 அதன் நடைமுறைக்குரிய நாள்.

‘விழுக்காடு’ என்பதும் விசாரணைக்குரியதே. 2030க்குள் 45 விழுக்காடு குறைப்பதாக மலேசியா 2021இல் உறுதி கூறியது. அது 2005ஆம் ஆண்டோடு ஒப்பிட்டு, உள்நாட்டு உற்பத்தியில் வெள்ளி ஒன்றுக்கு வெளியாகும் வாயுவைக் குறிப்பது. மொத்த வாயுவை அன்று. அரசு அவ்வேறுபாட்டை மறைக்கவில்லை. ஆயின் ஒரு நிறுவனம் ‘உறுப்பினர் ஒருவருக்கு’ எனக் கணக்கிட்டு வெறும் விழுக்காட்டை மட்டும் சொல்லுமாயின், படிப்பவர் மயங்குவர். கிளை பத்து இருபதாகும்போது, தலைக்கு அளவு குறைந்தும் மொத்தம் கூடலாம்.

தண்ணீர்மலைப் படிகளை ஏறி இறங்குவதற்கு மின்சாரம் வேண்டா. அதனால் கூடங்களை மூடுக என்பது வாதமன்று. வெயிலிலும் மழையிலும் முதியோர்க்கும் இரவு வேலை செய்வோர்க்கும் அவை பயன்படுவன. ஆனால் குறைப்பு கூடத்துக்குள்ளேயே தொடங்குதல் வேண்டும். குளிரூட்டியின் கசிவை அடைப்பது ஒன்றே பெரும்பயன் தரும். பரவலாக வழங்கிவந்த ஆர்-410ஏ என்னும் குளிர்வாயு ஒரு கிலோ கசிவது, கரியமில வாயு 2 டன்னுக்கு மேல் வெளியாவதற்கு ஒப்பாகும்.

2017 நவம்பரில் பினாங்கைப் பெருவெள்ளம் சூழ்ந்து உயிர்களைக் கொண்டதை அம்மக்கள் மறந்திலர். ஒரு வெள்ளத்துக்கு ஒரே காரணம் கற்பித்தல் தகாது. எனினும் காற்று வெப்பமுறுந்தோறும் மிகுதியான நீராவியைத் தாங்கும் என்பதும், அதனால் பெருமழை வலுக்கும் என்பதும் அறிவியல் உண்மை. வெப்பத்தைக் கூட்டுவது வானில் சேர்ந்த வாயுவின் அளவே. விளம்பரச் சொல்லால் அவ்வளவு குறைவதில்லை.

ஆகவே எவ்வுறுதிமொழியிலும் நான்கு வினாக்களுக்கு விடை வேண்டும்: எந்த ஆண்டை அடிப்படையாகக் கொண்டது? எந்த ஆண்டுக்குள் நிறைவேறும்? மொத்தத்தில் எத்தனை டன் குறையும்? சரிபார்ப்பவர் யார்? ஆசிரியர்கள் இத்தகைய விளம்பரம் ஒன்றை வகுப்பில் வைத்து, எழுவாய் பயனிலை கேட்பதுபோல் இந்நான்கையும் மாணவரைக் கேட்கச் செய்யலாம். விடை கிடைக்குமாயின் அச்சொல்லை ஏற்கலாம். கிடைக்காவிடின் அது பொருளற்ற வெறுஞ்சொல்லே என்று கொள்க.