கதவருகே நின்ற காவலர்

1976-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆல் த பிரசிடென்ட்ஸ் மென்' என்னும் அமெரிக்கத் திரைப்படம், வாட்டர்கேட் ஊழலைத் துருவி ஆராய்ந்த உட்வர்ட், பெர்ன்ஸ்டீன் என்னும் இரு நிருபர்களின் கதையாகும். தொலைபேசியையும் தட்டச்சுப் பொறியையும் கொண்டே பார்ப்போரை ஈர்த்துவிடும் அதன் திறனை எவரும் மறுக்க இயலாது.

ஆயினும் ஒரு குறை நெஞ்சை உறுத்துகின்றது. 1972 ஜூன் 17 விடியுமுன், ஜனநாயகக் கட்சி அலுவலகம் இருந்த கட்டடத்தில், கதவுப் பூட்டின்மேல் நாடா ஒட்டப்பட்டிருக்கக் கண்டவர் பிராங்க் வில்ஸ் என்னும் கறுப்பின இளைஞர், இரவுக் காவலர். அதனை அகற்றினார். மீண்டும் ஒட்டப்பட்டிருக்கக் கண்டதும் போலீசாரை அழைத்தார். ஐவர் பிடிபட்டனர். படத்தில் அவரே அவராக நடிக்கின்றார். ஆனால் தொடக்கத்தில் சிறிதே தோன்றி மறைந்துவிடுகின்றார்.

ஜனாதிபதி நிக்சன் வீழ்ந்தது பேனா முனையால் மட்டுமா? நீதிபதி சிரிக்காவின் உறுதி, செனட் குழுவின் விசாரணை, ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு 1974 ஜூலை 24-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அளித்த தீர்ப்பு ஆகியவற்றைக் காட்சியாக்காமல், சில தலைப்புச் செய்திகளோடு படம் முடிந்துவிடுகின்றது.

நிருபர்கள் புகழ் பெற்றனர். வில்ஸோ நிலையான வேலையின்றி வறுமையுற்று 2000-இல் மறைந்தார். கடமை தவறாத ஓர் எளிய தொழிலாளியே இவ்வரலாற்றின் முதற் கண்ணி. மாணவர்க்கு இப்படத்தைக் காட்டும் ஆசிரியர், விடுபட்ட இப்பகுதியைத் தாமே எடுத்துரைத்தல் வேண்டும்.