அக்காவா, தங்கச்சியா?

'சகோதரி நகரம்' என்று எழுதுகிறோம். வீட்டில் யாரையாவது அப்படிக் கூப்பிடுவோமா? அக்கா, இல்லன்னா தங்கச்சி. யார் பெரியவர் என்பதை மறைக்கிற சொல் அது.

ஜப்பானின் கிடாக்யூஷூவும் இந்தோனேசியாவின் சுரபயாவும் 2012இல் 'பசுமைச் சகோதரி நகரங்கள்' ஆயின. உறவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2004இல் சுரபயாவில் வேலை செய்த கோஜி தகாகுரா, சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்க ஒரு கூடை முறையை உருவாக்கினார். உமி, தவிடு, அட்டை. நுண்ணுயிரிகூட உள்ளூர் நொதித்த உணவிலிருந்துதான். வீடு வீடாகப் போய்க் கற்றுக்கொடுத்தது அந்த ஊர்ப் பெண்கள்.

ஆனால் முறையின் பெயர் 'தகாகுரா'. மென்பொருளிலும் இதே கதைதான்: எழுதினவர் பேர் நிற்கும், தினமும் பராமரிக்கிறவர் பேர் காணாமப்போகும்.

1960களில் கிடாக்யூஷூவின் ஆலைப் புகையை எதிர்த்துக் கிளம்பியதும் அங்கே தொபாத்தா பகுதிப் பெண்கள்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்து நகரங்களுடையது. சகோதரிகள் இந்தப் பெண்கள்.