டேப் தீர்ந்த இடம்

கர்நாடக இசைப் பதிவுகளைச் சேகரிப்பவர்களிடம் பத்து நிமிடம் பேசினால் 'அபூர்வம்' என்ற சொல் பத்து முறை வந்துவிடும். அபூர்வமான கச்சேரி, அபூர்வமான ரிக்கார்டு, வேறு யாரிடமும் இல்லாத ஸ்பூல். தங்கத்துக்கு மஞ்சள் நிறம்போல, அபூர்வம் என்பது அந்தப் பொருளின் இயற்கைக் குணம் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஆனால் எந்தப் பதிவும் பிறக்கும்போதே அபூர்வமாகப் பிறப்பதில்லை. யாரோ பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். யாரோ இதை மறுபடி அச்சிட வேண்டாம் என்று முடிவெடுத்திருப்பார்கள். யாரோ டேப்பைப் பாதியில் நிறுத்தியிருப்பார்கள். பெண்கள் பாடிய பாட்டு என்று வரும்போது அந்த 'யாரோ' யார் என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

ஏனென்றால், தொடக்கத்தில் தாராளமாகக் கிடைத்ததே பெண் குரல்தான். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் பதிவு செய்தபோது அவருடைய நட்சத்திரம் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். மெழுகுத் தட்டு ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய் அச்சாகும்போது அங்கே இருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே. தெற்கிலும் இதே கதைதான். சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் எல்லோரும் கிராமபோனின் முதல் பத்து, பதினைந்து ஆண்டுகளிலேயே தட்டில் ஏறியவர்கள். தட்டில் பாடினால் குரல் போய்விடும், கண்ட இடத்தில் கண்டவர் காதில் விழும் என்றெல்லாம் வித்துவான்கள் தயங்கி நின்ற காலத்தில் தேவதாசி மரபைச் சேர்ந்த இந்தப் பெண்கள் பெரிய ஊதுகுழலுக்கு முன்னால் போய் நின்று, மூன்று நிமிடத்துக்குள் ஒரு ராகத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது எவ்வளவு கடினம் என்று பாடத் தெரிந்தவர்களைக் கேளுங்கள். தட்டின் லேபிளைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஊர்ப் பெயர் இருக்கும், தகப்பன் பெயர் இருக்காது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முன்னெழுத்துகளே மதுரையும் சண்முகவடிவும்தான், ஊரும் தாயும். 1926இல், பத்து வயதில், அவருடைய முதல் ரிக்கார்டு வந்தபோது வீணை வாசித்தவரும் அந்தத் தாய்தான்.

கோயம்புத்தூர் தாயியின் தட்டுகளைப் பாரிஸில் கேட்டு மயங்கிய மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், அதை வைத்துக் குரலுக்கும் பியானோவுக்குமாக 'ராகமாலிகா' என்று ஒன்று எழுதினார். பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகித் தாளவாத்திய ஒலியை வரவழைத்தார். மேற்கத்திய இசை வரலாற்று நூல்களில் அந்த அட்டைத் துண்டுக்கு ஓர் இடம் உண்டு. தாயி 1917இல், நாற்பத்தைந்து வயதளவில் இறந்துபோனார். நம்மூர் மறுவெளியீடுகளில் அவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மூன்று நிமிடத் தட்டுக்கு ஏற்றவை சின்ன உருப்படிகள்: பதம், ஜாவளி, விருத்தம், நாடகப் பாட்டு. 1950களின் இறுதியில் எல்.பி. தட்டும், அதையொட்டிப் பணக்கார ரசிகர்கள் வீட்டில் ஸ்பூல் டேப்பும் வந்தபோது அளவுகோலே மாறிவிட்டது. ஏழு அங்குல ஸ்பூலை மெதுவான வேகத்தில் ஓடவிட்டால் ஒரு பக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கலாம். முழு ஆலாபனை, தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் எல்லாம் அப்படியே கிடைக்கும். நீளமாகக் கிடைப்பது கனமான இசை, சின்னதாகக் கிடைப்பது இனிப்பு என்ற எண்ணம் அதற்குமுன் இல்லாததில்லை. டேப் அதற்கு ஒரு பீரோ கொடுத்தது. டி.கே. பட்டம்மாளைப் 'பல்லவி பட்டம்மாள்' என்று மெச்சியவர்கள், ஒரு பெண் பல்லவி பாடுவதைச் செய்தியாகத்தான் பார்த்தார்கள். 

என் பெரியப்பாவும் இப்படிப்பட்ட ஒரு சேகரிப்பாளர். சிதம்பரத்தில் இருந்தார், அரசாங்க வேலை. அவர் காலமானபின் பீரோவைப் பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்தது. கடலூரிலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போனேன். சேகரிப்பில் ஒரு பங்கு முன்பே போய்விட்டது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பரணில் அவர் வைத்திருந்த ஸ்பூல்கள், 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் ஓட்டைப் பெயர்த்தபோது நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கடலோர ஊரில் டேப் வைத்திருப்பது உப்புக் காற்றோடும் பூஞ்சையோடும் தினமும் நடத்துகிற சண்டை. அந்தச் சண்டையைப் போட்டது யார் என்றால், பெரியம்மா. வெயில் படாத இடத்தில் காற்றாட வைப்பது, மெல்லிய துணியால் துடைப்பது, மாதம் ஒருமுறை ஓடவிட்டுச் சுற்றி வைப்பது எல்லாம் அவர் வேலை. சேகரிப்பு பெரியப்பாவுடையது.

பதிவு செய்ததிலும் பாதி பெரியம்மா என்று பிறகுதான் தெரிந்தது. சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு வானொலியில் அகில பாரத சங்கீத நிகழ்ச்சி. பெரியப்பா வெளியூர்க் கச்சேரிக்குப் போயிருந்தால் கேசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்த வேண்டியவர் பெரியம்மா. ஒலிபரப்பு ஒன்றரை மணி நேரம். கேசட் ஒரு மணி நேரம். "மெயின் உருப்படி முடிஞ்சதும் நிறுத்திடு, மிச்சம் துக்கடாதானேன்னு சொல்லிட்டுப் போவாரு. நான் நிறுத்த மாட்டேம்மா. அது பாட்டுக்கு ஓடி, தானா நின்னுக்கும்" என்றார். அறிவிப்பாளர் பேசினால் மட்டும் நிறுத்திவிட வேண்டும் என்பது பெரியப்பாவின் கட்டளை, டேப் வீணாகுமாம். அதனால் பல கேசட்டுகளில் பக்கவாத்தியம் வாசித்தவர்கள் யார் என்று இன்று சொல்ல முடியவில்லை.

நான் கேட்ட கேசட்டுகளில் பெண்கள் பாடியவை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி முடிகின்றன. டி. பிருந்தா பாடிய ஒன்றில் கடைசியாகக் கமாஸ் தொடங்குகிறது. முத்துத்தாண்டவரின் 'தெருவில் வாரானோ'. பல்லவி இரண்டு முறை வருகிறது. அந்தக் குரல் ஒரு சுரத்தில் நின்று, அடுத்ததற்கு நழுவப் போகும்போது, டக்கென்று சத்தம். டேப் தீர்ந்துவிட்டது.

இதை ஒரு விபத்து என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. பதம் பெண்கள் காத்த இலக்கியம். வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னையில் தன் வீட்டில் வாசித்ததைக் கேட்கப் பெரிய வித்துவான்கள் போய் உட்கார்ந்திருந்தார்கள். 1932இல் கொலம்பியா கம்பெனி அவரைப் பதிவு செய்தபோது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. கிடைத்தவை சில தட்டுகளே. அவருடைய பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாட்டில், பாலசரஸ்வதி ஆட்டத்தில் அந்தப் பதங்களைக் கொண்டுவந்தார்கள். ராம்நாட் கிருஷ்ணன் போன்ற ஆண் வித்துவான்கள் பிருந்தாவிடம் வந்து பதம் கற்றுக்கொண்டார்கள். பதத்தில் பேசுகிறவள் பெரும்பாலும் ஒரு பெண். கோபிப்பாள், ஏளனம் செய்வாள், தோழியிடம் ஆணையிடுவாள், உடம்பைப் பற்றி ஒளிக்காமல் பேசுவாள். 1947ஆம் ஆண்டுச் சட்டம் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தியது; நிறுத்தியது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்த வழக்கத்தோடு சேர்த்து அந்தப் பெண்களின் பாட்டையும் அசிங்கம் என்று ஒதுக்கிய ஒரு காலமும் கூடவே நடந்தது. சிருங்காரத்தைக் கழுவித் துடைத்த நடனம் மேடையேறிய நாட்களில், சிருங்காரமே தலையாயது என்று பாலசரஸ்வதி விடாமல் வாதாடினார். 1975இல் தமிழ் இசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையிலும் அவர் அதைத்தான் சொன்னார்.

சிதம்பரத்தில் உட்கார்ந்து இதைக் கேட்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'தெருவில் வாரானோ' என்று அந்தப் பெண் கேட்பது இந்தத் தில்லைக் கூத்தனைத்தான். ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்ரா தரிசனத்துக்கும் அவன் உண்மையிலேயே தேரேறி நான்கு வீதிக்கும் வந்து போகிறான். தமிழ்ப் பதத்தின் முன்னோடிகளில் முத்துத்தாண்டவர் சீர்காழிக்காரர், மாரிமுத்தாப் பிள்ளை சிதம்பரத்தை ஒட்டிய தில்லைவிடங்கன். இதே ஊரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான் 1941 ஆகஸ்டில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரியின் கடைசியில் துக்கடாவாகத் தமிழை ஒதுக்காதே என்பது அந்த இயக்கத்தின் முக்கியமான குறை. நியாயமான குறை. ஆனால் அந்தக் கடைசி இருபது நிமிடத்தில் தமிழை உட்கார வைத்துச் சோறு போட்டுக் காப்பாற்றியவர்கள் யார் என்று தமிழிசைக்காரர்கள் உரக்கக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கச்சேரியின் ஓரத்தில் தமிழும் பெண்ணும் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோயல்ல. பதிவு சேகரிப்பை ஏறக்குறைய ஒரு மதமாக வளர்த்தவர்கள் ஜாஸ் ரசிகர்கள். 1947-48இல் டீன் பெனடெட்டி என்பவர் சார்லி பார்க்கர் வாசிக்கும் கிளப்புகளுக்கெல்லாம் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போனார். பார்க்கர் சாக்ஸபோனை எடுத்தால் கருவி ஓடும். மற்றவர் முறை வந்தால் நின்றுவிடும். 1990இல் மொசைக் நிறுவனம் அதை ஏழு சிடிகள் கொண்ட பெட்டியாக வெளியிட்டபோது உலகமே கொண்டாடியது. மேதை பேசுகிறார், எதிரே பேசியவர்கள் எல்லாம் வெட்டப்பட்டிருக்கிறார்கள். என் காதுக்கு அது பெரியப்பாவின் கேசட்தான்.

இன்னொரு பெட்டி லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'ஹாட் ஃபைவ்' பதிவுகள். 1925இல் தொடங்கிய அந்தக் குழுவில் பியானோ வாசித்தவர் லில் ஹார்டின். ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி, குழுவின் பாட்டுகள் சிலவற்றை எழுதியவர், தனியாகப் போய்ப் பெயர் எடு என்று கணவரைத் தூண்டியவர். பெட்டியின் முதுகில் இருப்பது ஒரே பெயர். பிரிந்து பல வருடங்களுக்குப் பிறகு, 1971இல், ஆம்ஸ்ட்ராங் இறந்து ஏழு வாரத்தில், சிகாகோவில் அவருக்கான அஞ்சலிக் கச்சேரியில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தபோதே லில் சரிந்து விழுந்து இறந்தார். இந்தக் கடைசிக் காட்சியை எல்லோரும் உருக்கமாகச் சொல்கிறார்கள். இசையமைத்தவர் என்ற பெயரை அதே உருக்கத்தோடு சொல்பவர்கள் குறைவு.

நம் மறுவெளியீடுகளோடு வரும் சிறு புத்தகங்களுக்கு வருகிறேன். பாடகர் ஆணாக இருந்தால் குரு பரம்பரை, ராகத்தைக் கையாளும் விதம், காலப்பிரமாணம். பெண்ணாக இருந்தால் தேன் குரல், பக்தி, அடக்கம், கணவரின் ஊக்கம். தட்டு எண் இருக்கும், மேட்ரிக்ஸ் எண் இருக்கும். அவர் ஏன் பாடுவதை நிறுத்தினார் என்பது இருக்காது. நுட்பமான சேவை இது, மறுக்கவில்லை. மும்பையில் இருக்கும் இந்திய ரிக்கார்டு சேகரிப்பாளர் சங்கத்தாரின் உழைப்பால் யங் இந்தியா, ஓடியன் தட்டுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு எண்ணியல் வடிவம் பெற்றன. இல்லாவிட்டால் அவையும் பழைய இரும்புக்குப் போயிருக்கும். பிருந்தா அமெரிக்காவில் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அங்கே அவர் விருந்தினர் ஆசிரியர், முழு நேரப் பொருள். அங்கே அவருடைய பதத்துக்கு நடுவில் டேப் தீர வேண்டிய காரணம் எதுவும் இருந்திருக்காது.

பெரியப்பாவின் சேகரிப்பைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்தார். விஷயம் தெரிந்தவர், மரியாதையானவர். பல்லவிக் கேசட்டுகளைத் தனியாக எடுத்து வைத்தார். பெண்கள் பாடிய 78 தட்டுகளைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் எல்லார்கிட்டயும் இருக்கும்மா" என்றார். எல்லாரிடமும் இருந்தது, உண்மைதான். ஒரு காலத்தில்.

விற்பதா வேண்டாமா என்று அண்ணன்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் பட்டியலை முடித்துவிட்டேன். ராகம், தாளம், தேதி என்ற வழக்கமான பத்திகளோடு மூன்று பத்திகள் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன்: பொத்தானை அழுத்தியவர், பதிவு எந்தச் சொல்லில் நிற்கிறது, நின்றபிறகு என்ன பாடினார்கள். மூன்றாவது பத்தி முழுக்கப் பெரியம்மா சொல்லச் சொல்ல எழுதியது. கேசட் நின்றபிறகும் வானொலியை அவர் அணைக்கவில்லை. சில இடங்களில் ராகத்தின் பெயர் தெரியாமல் வாயால் பாடிக் காட்டினார். அதை என் கைபேசியில் பிடித்து, எந்தக் கேசட்டின் தொடர்ச்சி என்று எண் போட்டு வைத்திருக்கிறேன். நான்கு கேசட்டுகளுக்கு எதிரே அந்த இடம் காலியாக இருக்கிறது. அந்தச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்களாம், அவர் அடுப்படியில் இருந்தாராம்.