கண்ணாடியைக் கையால் அறிந்தவர்

ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தைக் காண்போர், அதில் தீட்டப்பட்ட புனிதரை அடையாளம் காண்பர். கீழே பொறிக்கப்பட்டிருக்கும் நன்கொடையாளர் பெயரையும் படிப்பர். அதனைச் செய்தவர் யார் என வினவுவோர் அரியர். அவ்வாறு வினவி அறியத்தக்க ஒருவரைப் பற்றிச் சிந்திக்க விழைகின்றோம். அவர் இங்கிலாந்து நாட்டுக் கலைஞர் கிறிஸ்டோபர் வோல் (1849–1924).

ஆங்கிலிக்கன் குரு ஒருவரின் மகனாகப் பிறந்த வோல், லண்டன் அரச கலைக் கழகப் பள்ளியில் ஓவியம் பயின்றார். இத்தாலி சென்று திரும்பிய அவர், 1870களின் இறுதியில் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். லண்டனில் ரொஸ்மினி சபைத் துறவியர் புதுப்பித்திருந்த புனித எத்தெல்திரேதா ஆலயத்திற்குச் சாளரங்கள் வரைந்தளித்தார். அங்கேதான் அவருடைய உண்மையான வாழ்வு தொடங்கியது. அதுவும் ஒரு மனக்குறையோடு தொடங்கியது.

அக்காலத்தில் ஓவியர் தாளில் வரைவதோடு நிறுத்திக்கொள்வார். தொழிற்கூடத்தில் ஒருவர் கண்ணாடியை வெட்டுவார். மற்றொருவர் முகமும் உடையும் தீட்டுவார். வேறொருவர் துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைப்பார். வரைந்தவருக்குக் கண்ணாடி தெரியாது. வெட்டியவருக்கு ஓவியரின் எண்ணம் தெரியாது. இவ்வாறு உருவான தம் படைப்புகள் வோலுக்கு நிறைவளிக்கவில்லை. பிறரைக் குறை கூறிவிட்டு அடுத்த தாளை எடுத்து வரைவது எளிது. அவரோ டார்க்கிங் நகருக்கு அருகே ஒரு மாட்டுக் கொட்டிலைப் பணிக்கூடமாக்கி, வெட்டுதல், தீட்டுதல், சூளையில் சுடுதல், ஈயம் கோத்தல் ஆகிய அனைத்தையும் தம் கைகளால் கற்றார். நடுவயதை நெருங்கும் ஓவியர் ஒருவர் மீண்டும் மாணவரானார்.

1889இல் கட்டடக் கலைஞர் எட்வர்ட் பிரையர் ஒரு புதிய கண்ணாடியை உருவாக்கினார். உருகிய கண்ணாடியைப் பெட்டி வடிவ அச்சினுள் ஊதி, ஆறியபின் அதன் பக்கங்களைத் தனித்தனியே அறுத்தெடுப்பர். நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருக்கும் அத்துண்டில் ஒரே நிறம் பல ஆழங்களில் ஒளிரும். சீரற்றது என்று பிறர் ஒதுக்கக்கூடிய இதனை வோல் விரும்பி ஏற்றார். 1890களின் இறுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் அவர் செய்த குளோஸ்டர் பேராலய மரியன்னை சிற்றாலயச் சாளரங்களில் இதன் பயனைக் காணலாம். அங்கே செந்நிறத்தையும் நீலத்தையும் பேச வைப்பது அவற்றைச் சூழ்ந்துள்ள வெண்மையே. ஈயக் கோடுகளை அவர் மறைக்கவில்லை; அவற்றையே ஓவியத்தின் எலும்புகளாக்கினார்.

குறையும் உண்டு. அவருடைய குழந்தைகள், வானதூதர்கள் ஆகியோரின் முகங்களில் இனிமை சில வேளைகளில் மிகுந்துவிடுகிறது. துன்பத்தின் கடுமை அங்கே தயங்கி நிற்கிறது. ஆயினும் கண்ணாடியின் நேர்மை அவ்வினிமையைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது.

அரிதாய்க் கற்றதை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. 1896இல் தொடங்கப்பட்ட லண்டன் மையக் கலை கைவினைப் பள்ளியிலும், பின்னர் அரச கலைக் கல்லூரியிலும் கற்பித்தார். 1905இல் அவர் வெளியிட்ட பாடநூல், அருகில் அமர்ந்து கைபிடித்துக் கற்பிக்கும் ஆசிரியரின் குரலில் அமைந்தது. கார்ல் பார்சன்ஸ், எட்வர்ட் வூர், பால் உட்ராஃப் போன்றோர் அவரிடம் பயின்றனர். நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தின் மரியன்னை சிற்றாலயச் சாளரங்கள் உட்ராஃபின் படைப்பே.

மற்றொரு மாணவரான ஆல்பிரட் சைல்டு, 1901இல் டப்ளின் கலைப்பள்ளிக்கு ஆசிரியராகச் சென்றார். 1903இல் சாரா பர்சர் அந்நகரில் நிறுவிய கண்ணாடிக் கூடத்தையும் அவரே நடத்தினார். சைல்டின் மாணவரே புகழ்பெற்ற ஹாரி கிளார்க். கிளார்க்கின் சாளரங்கள் ஆழ்ந்த நீலமும் இருளும் நிறைந்தவை. வோலின் வெண்மைக்கு நேர் எதிரானவை. இதனையே வோலின் பெருவெற்றி என்று நாம் மதிப்பிடுகின்றோம். தம் பாணியைப் பிறர்மேல் பதிப்பவர் நகலெடுப்போரையே பெறுவார். பொருளை அறியக் கற்பித்தவரின் வழியிலோ அவரை ஒத்திராத கலைஞர்கள் தோன்றினர்.

குருமடத்தில் மனுவுருவேற்பு மறைபொருளை நூல்களின் வழியே கற்றோம். எண்ணம் பருப்பொருளுக்குள் இறங்கி, அதன் எல்லைகளை ஏற்று, அதனோடு உழைக்க வேண்டும் என்பதை இக்கலைஞரின் மாட்டுக் கொட்டில் நமக்கு மீண்டும் உணர்த்துகிறது. நாமோ பங்கின் பணிகளைத் தாளில் வரைந்து, பிறர் கையில் கொடுத்துவிட்டு, விளைவு சரியில்லை என வருந்துகின்றோம். மறைக்கல்வி ஆசிரியர்மீது நாம் சொல்லும் குறைகளில் எத்தனை, நாமே அச்சிறார் நடுவே அமராததால் வந்தவை?

கத்தோலிக்கரான வோலின் சிறந்த சாளரங்கள் பலவும் ஆங்கிலிக்கன் ஆலயங்களிலேயே உள்ளன. கதிரவன் எழும்போது அவை எவர் விசுவாசத்தையும் வினவாமல் ஒளியை உள்ளே விடுகின்றன. செய்தவரின் பெயரை நாம் மறந்திருக்கலாம். அவர் கைபட்ட கண்ணாடி தன் பணியை மறக்கவில்லை.