வட்டமெல்லாம் படர்தாமரையா?

வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் நீங்காத பினாங்குப் பிரதேசத்தில், பைராம் தோட்டம் போன்றதோர் இடத்திலே, குழந்தையின் தொடையில் விளிம்பு சிவந்து தடித்து, நடுப்பகுதி மட்டும் தெளிந்துகொண்டே பரவும் வட்டமொன்றைக் கண்டதும், தமிழ்ப் பாட்டி படர்தாமரை என்றும் மலாய் மூதாட்டி குராப் என்றும் பரீக்ஷை ஏதுமின்றிப் பெயர் சொல்லிவிடுவது இகழத்தக்க காரியமன்று. உடம்பில் தோன்றும் வட்டத்தைப் பொறுத்தமட்டில் அந்த அனுபவக் கண் பல சமயம் பிழைபடுவதில்லை. அவர்கள் அரைத்துப் பூசும் சீமையகத்தித் தழையிலும் பூஞ்சையை ஒடுக்கும் சத்து உண்டு.

ஆயினும் வட்டமாக வரும் எக்ஸிமாவும் இதே வேஷம் போடும். பிள்ளைகளின் கன்னத்தில் வெளிறித் தோன்றும் தேமலோ பெரும்பாலும் பூஞ்சையே அன்று. ஓரத்துச் செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் இட்டு, ஒரு துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது சில நிமிஷ வேலை. (அதுவும் சிற்சில வேளை ஏமாற்றும் என்பது உண்மைதான்.) அந்தச் சில நிமிஷங்களைச் செலவிட மனமின்றி, பூஞ்சை மருந்தோடு வீரியமிக்க ஸ்டிராய்டும் கலந்த களிம்பை எடுத்துக் கொடுத்துவிடும் வழக்கத்தையே நான் பெரிதும் குறைகூறுவேன். அதன் சாமர்த்தியம் அசாதாரணமானது: ஓரிரு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், தாய் கைகூப்புவாள். ஆனால் ஸ்டிராய்டு அடக்குவது பூஞ்சையை அன்று, பூஞ்சையை எதிர்த்துத் தோல் நடத்தும் போரை. ஆகவே களிம்பை நிறுத்தியதும் நோய் முன்னிலும் அகலமாய், விளிம்பு கலைந்து, தேர்ந்த வைத்தியரும் திகைக்கும் உருவில் திரும்புகிறது. இந்த மாறுவேஷத்துக்கு 1968-இல் பிரிட்டனில் ஐவ், மார்க்ஸ் என்னும் இருவர் டீனியா இன்காக்னிடோ என்று பெயரிட்டனர். இத்தகைய களிம்புகள் தாராளமாய் விற்பனையாகும் இந்தியாவிலோ, டெர்பினஃபின் என்னும் பூஞ்சை மருந்துக்கும் எளிதில் மசியாத பூஞ்சை இனமொன்று பெருகிக் கடல்கடந்தும் சென்றுவிட்டது. ஸ்டிராய்டு கலவாத குளோட்ரிமசோல் என்னும் பூஞ்சைக் களிம்பு ஒன்றையே பூசி, வட்டம் மறைந்த பின்னும் ஓரிரு வாரம் விடாதிருந்தாலே பல பிள்ளைகளுக்குப் போதும். அந்தப் பொறுமைக்கு விளம்பரம் இல்லை.

தலையில் வந்தால் சங்கதி வேறு. மயிர்க்காலுக்குள் குடியேறிய பூஞ்சையைக் களிம்பு எட்டாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் சபுரோ என்பவர் எக்ஸ்ரே பாய்ச்சி மயிரை உதிர்த்தே குணங்கண்டார். 1958-இல் ஜென்டில்ஸ் என்பவர், வாய்வழி கொடுத்த கிரிசியோஃபல்வின் என்னும் மருந்து கினியாப் பன்றிகளின் பூஞ்சை நோயைத் தீர்ப்பதைக் காட்டிய பிறகே அக்கொடிய சிகிச்சைக்கு அவசியம் இல்லாது போயிற்று. அம்மருந்தைப் பால் போன்ற கொழுப்புள்ள ஆகாரத்தோடு ஆறு முதல் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். பூனையிடமிருந்து தொற்றிய வகையாயின், மடியில் உறங்கும் பூனைக்குட்டியை மறந்து பிள்ளைக்கு மட்டும் மருந்தூட்டும் வீட்டில் அந்த எட்டு வாரமும் வீணாவதுண்டு.