வீட்டுமொழிக் கணக்கும் சமூகவியல் நோக்கும்

சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய இந்தியர்களுள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 27.9 விழுக்காட்டினர் எனக் காணப்படுகிறது. 2000ஆம் ஆண்டில் இது 42.9, 2010இல் 36.7. ஆங்கிலமோ இதே காலத்தில் 35.6இலிருந்து 41.6ஆகி, 59.2ஐ எட்டிவிட்டது. தமிழ் விழா மேடைகளில் இவ்வெண் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. தமிழர் நால்வரில் ஒருவரே வீட்டில் தமிழ் பேசுகின்றனர் என்று வருந்துவோர் ஒருபுறம். கணக்கு கிடக்கட்டும், தேக்காவுக்குப் போய்ப் பாருங்கள், தமிழ் வாழ்வது தெரியும் என்று தேற்றுவோர் மறுபுறம். இரு சாராருமே எண்ணை அறிந்தார்களே அன்றி, அஃது எதனை எண்ணியது என்பதைக் கேட்டாரல்லர். சமூகவியல் ஆராய்ச்சியின் முதற்பாடம் அந்தக் கேள்விதான்.

எண்ணுவதற்கு முன் வரையறுத்தல் வேண்டும். ஈண்டு எண்ணப்பட்டோர் தமிழரா? இல்லை, 'இந்தியர்'. அப்பெயருக்குள் மலையாளிகளும் பஞ்சாபியரும் குஜராத்தியரும் வங்காளிகளும் இந்தி பேசுவோரும் அடங்குவர். இவ்வினத்தில் தமிழர் பாதிக்குச் சற்று மேற்பட்டவரே. ஆகவே, தமிழரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், வீட்டில் தமிழை முதன்மையாகப் பேசுவோர் நால்வரில் ஒருவர் அல்லர்; தோராயமாக இருவரில் ஒருவர். இதனைக் கேட்டு மகிழ்ந்துவிடவும் இடமில்லை. இதே முறையில் 2010ஆம் ஆண்டுக் கணக்கை நோக்கினால் மூவரில் இருவர் என வருகிறது. பத்தாண்டில் நேர்ந்த சரிவு மெய்யே. பிறமொழி இந்தியர் பெருகியதுதான் காரணம் என்று அதனை ஒதுக்கிவிட முடியாது.

அடுத்து, 'மிகுதியாக' என்னும் ஒரு சொல். கணக்கெடுப்பு ஒருவருக்கு ஒரு மொழியையே முதலிடத்தில் வைக்கிறது. தாத்தா பாட்டியிடம் தமிழ், தங்கையிடம் ஆங்கிலம், தாயிடம் இரண்டும் கலந்து என்று பேசும் சிறுவன் எந்தக் கட்டத்தில் விழுவான்? ஆங்கிலம் ஒரு வாக்கியம் கூடுதலாயின் அவன் ஆங்கிலத்தான். அவன் பேசும் தமிழ் அந்த எண்ணில் தடமின்றி மறைந்துவிடும். அவனுக்காக விடை தருபவரும் அவன் அல்லன்; வீட்டுப் பெரியவர். அதே கணக்கெடுப்பு இரண்டாம் மொழியையும் கேட்டது. வீட்டில் ஆங்கிலமே மிகுதி என்றவருள், எல்லா இனத்தாரையும் சேர்த்து, 87 விழுக்காட்டினர் தாய்மொழி ஒன்றையும் வீட்டில் பேசுவதாகக் கூறினர். மேடைகளில் இவ்விவரம் ஏனோ ஒலிப்பதில்லை!

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். குறை கணக்கெடுத்தவரிடம் இல்லை. ஏறத்தாழ 150,000 குடும்பங்களை மாதிரியாகத் தேர்ந்து, ஒரே வினாவை ஒரே வகையில் அவர்கள் கேட்டனர். எத்தனை முறை அளந்தாலும் ஒரே விடை வருவது நம்பகம். அளக்க விரும்பியதையே அளப்பது பொருத்தம். முழக்கோல் பிழையற்றதாயினும் அதனால் பாலை அளக்க இயலாதன்றோ? 1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தாய்மொழி எது என்று கேட்டது. பிற்காலத்தவை வீட்டில் பேசும் மொழியைக் கேட்கின்றன. இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி வீழ்ச்சி காட்டுவது, முழத்தையும் படியையும் கூட்டுவது போன்றது.

இவ்விடர் சிங்கப்பூருக்கே உரியதன்று. பிரெஞ்சு அறிஞர் துர்க்கைம் 1897இல் தற்கொலை பற்றிய தம் நூலை அரசாங்கப் புள்ளிவிவரங்களின்மீது எழுப்பினார். எழுபது ஆண்டுக்குப் பின், 1967இல், ஜாக் டக்ளஸ் என்னும் அமெரிக்கர் அதன் அடித்தளத்தையே அசைத்தார். ஒரு சாவினைத் தற்கொலை என்று எழுதுவதா வேண்டாவா என முடிவு செய்தவர் ஓர் அதிகாரி. எண்ணப்பட்டது அம்முடிவே என்பது அவர் வாதம்.

தேக்காவைச் சான்று காட்டுவோர் நிலை இன்னும் இடர்ப்பாடானது. ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் ஒலிக்கும் தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர்களுடையது. மேற்கண்ட மொழிக் கணக்கு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே கொண்டது; இவ்வூழியர் அதில் இல்லை. கணக்கில் உள்ளவர் வேறு, காதில் விழுவோர் வேறு. ஒருவரைக் கொண்டு மற்றவரை மறுப்பது எங்ஙனம்? சிராங்கூன் சாலை வட்டாரம் குறித்து ஷரோன் சித்திக்கும் நிர்மலா புருஷோத்தமும் 1982இல் வெளியிட்ட ஆங்கில நூல் இன்றும் படிக்கத்தக்கது. ஓரிடத்தின் தன்மையை அங்கு உறங்குவோர் எண்ணிக்கையால் மட்டும் அறிய முடியாது. அங்கு வருவோர், விற்போர், வழிபடுவோர் ஆகியோரையும் காணவேண்டும் என்பதை அந்நூல் உணர்த்துகிறது. பூக்கடையும் கோயிலும் சாப்பாட்டுக் கடையும் தேடி வருவோரில் மிகப் பலர் தீவின் பிற பகுதிகளிலுள்ள அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோரே அல்லரோ?

நிர்மலா தனித்து எழுதி 1998இல் வந்த நூல் இன்னும் கூர்மையானது. தந்தையின் இனமே பிள்ளையின் இனமாகவும், இனத்துக்குரிய மொழியே பள்ளியில் 'தாய்மொழி'யாகவும் நெடுங்காலம் வழங்கிய முறையை அவர் ஆராய்கிறார். இந்தியர், தாய்மொழி என்னும் கட்டங்கள் இயற்கையில் கிடந்தவை அல்ல, ஆட்சியும் மக்களும் சேர்ந்து ஆக்கியவை என்கிறார். நடை கடினமானது, கலைச்சொற்கள் மண்டிக் கிடக்கின்றன. வகுப்பறை ஆசிரியர் அதனைப் படித்து முடிக்கப் பொறுமை வேண்டும். ஆயினும் 27.9 என்னும் எண்ணை ஆள்வோர் எவரும் அந்நூலின் வினாவைத் தவிர்த்தல் தகாது.

அமெரிக்க மொழியியலறிஞர் ஜோஷுவா ஃபிஷ்மன் 1965இல் ஒரு கட்டுரைக்கு இட்ட தலைப்பே ஒரு முறையியல்: யார், எம்மொழியை, யாரிடம், எப்பொழுது பேசுகின்றனர்? தமிழாசிரியர்க்கு வேண்டிய விடை இதுவே. 2005ஆம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் தரப் பரிந்துரைத்தது. அப்பயிற்சி எந்தச் சிறுவனுக்கு எதிலிருந்து தொடங்கவேண்டும் என்பதை விழுக்காடு சொல்லாது. பாட்டியிடம் மட்டும் தமிழ் பேசும் பிள்ளைக்குக் கேட்டறியும் தமிழ் இருக்கும். ஒத்த வயதினரோடு வழக்காடும் தமிழ் இராது. எவரிடமும் பேசாத பிள்ளையின் நிலை வேறு. இருவரையும் கணக்கெடுப்பு ஒரே கட்டத்தில் வைக்கிறது.

வகுப்பிலுள்ள இருபது பிள்ளைகளிடம் இவ்வினாக்களைக் கேட்க எந்த அரசுத் துறையும் வேண்டியதில்லை. ஆயின் தமிழாசிரியரே எதிரில் நின்று, 'வீட்டில் தமிழ் பேசுகிறாயா?' என்று கேட்டால், பேசாத பிள்ளையும் 'ஆம் ஐயா' என்றுதான் சொல்லும். நேற்று மாலை பள்ளி விட்டபின் யார் யாரிடம் என்ன பேசினாய் என்று கேட்டு, விடையைப் பிள்ளை எம்மொழியில் சொல்லத் தொடங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்வது மேல்.