கொடையும் ஊழியமும்: புதுக்கோட்டை வரலாற்று நூல்கள் குறித்து ஒரு திறனாய்வு

தமிழகத்தின் பழைய சிற்றரசுகளுள் புதுக்கோட்டையைப் போல் பலராலும் வரலாறு எழுதப்பெற்றது வேறொன்று இல்லையெனலாம். ஏறத்தாழ 1,180 சதுர மைல் பரப்பும், 1941ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாலரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்களும் கொண்டிருந்த இச்சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் அடங்கிற்று. 1974 சனவரியில் அண்டைப் பகுதிகளும் சேர்ந்து தனி மாவட்டமாயிற்று. அதன் வரலாற்றை 1916இல் எஸ். இராதாகிருஷ்ண ஐயர் எழுதினார். பின்பு கே. ஆர். வெங்கடராம ஐயர் 1938 முதல் 1944 வரை சமஸ்தானக் கையேட்டை மூன்று பெரும் பகுதிகளாக வெளியிட்டார். 1987இல் அமெரிக்க அறிஞர் நிக்கலஸ் டர்க்ஸ் ‘வெற்று மகுடம்’ எனப் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூலில் இச்சிற்றரசையே சான்றாகக் கொண்டு, இந்திய சமுதாயம் பற்றிய பெரியதொரு கோட்பாட்டை நிறுவ முற்பட்டார். இந்நூல்களுள் பின்னிரண்டையும் எடுத்து, அவை எதைக் காட்டுகின்றன, எதைக் காணாது விடுகின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இறையியல் ஏட்டில் இவ்வாராய்ச்சிக்கு இடமுண்டோ என்று வாசகர் சிலர் வினவக்கூடும். நாம் மறையுரையில் வழங்கும் சொற்கள் பல அரண்மனையிலும் களத்துமேட்டிலும் பிறந்தவை என்பதை நினைவுகூர்ந்தால் அவ்வினா எழாது. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதற்கண் வெங்கடராம ஐயரின் கையேடு. உழைப்பால் இதற்கு ஈடான நூல் தென்னகச் சமஸ்தானங்களுள் அரிது. மழை, மண், கண்மாய், காடு, கோயில், சந்தை, வரி, கல்வி, சாதி வழக்கம் ஆகிய அனைத்தும் ஒழுங்குபடத் தரப்பெற்றுள்ளன. 1929இல் சமஸ்தானம் தொகுத்து அச்சிட்ட 1,130 கல்வெட்டுகளின் பயனும் இதில் நன்கு தெரிகின்றது. கொடும்பாளூர், நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை என்ற பெயர்களை ஊர்ப்பெயராக மட்டுமே அறிந்த ஓர் ஆயரும் இந்நூலைப் படித்தபின் தம் சேகரத்தைப் புதுக்கண்ணோடு காண்பார். ஆயினும் இஃது அரசாங்கம் தன்னைப் பற்றித் தானே எழுதுவித்த நூல். இதில் அரசர் ஆள்கிறார், திவான் சீர்திருத்துகிறார், மக்களோ வகைகளாகவும் வழக்கங்களாகவும் மட்டுமே வருகின்றனர். எவ்வழக்கத்தை எவர் விரும்பி ஏற்றார், எவர் வேறு வழியின்றிப் பொறுத்தார் என்ற கேள்வி இதன் திட்டத்திலேயே இல்லை.

திவான் அ. சேஷையா சாஸ்திரியாரைக் குறித்த புகழ் இதற்கு நல்ல சான்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின் சுவடு மறையாத நிலையில் 1878இல் அவர் பொறுப்பேற்றார். நகரின் தெருக்களையும் குளங்களையும் சீர்ப்படுத்தினார். விளைச்சலைப் பங்கிட்டு வாங்கும் அமானி முறையை ஒழித்துப் பண வரியை நிலைநாட்டினார். 1888இல் இனாம் நிலங்களுக்குப் புதிய ஏற்பாடு செய்தார். இவை பெருஞ்செயல்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பங்கு முறையில் மழை பொய்த்தால் அரசரின் பங்கும் குறையும். பண வரியிலோ மழை பொய்த்தாலும் தவணை பொய்க்காது. ஆற்றுப் பாசனம் அருகி, வானம் பார்த்த கண்மாய்களையே நம்பிய ஒரு நாட்டில் இவ்வேறுபாடு சிறிதன்று. களத்தில் அரசாங்க ஆள் வந்து நெல்லை முத்திரையிட்டுக் காத்த தொல்லை நீங்கியது உழவனுக்கு ஆறுதலே. எனினும் அவ்வாறுதலுக்கு அவன் கொடுத்த விலை என்ன என்பதையும் வரலாறு சேர்த்து எழுதவேண்டும்.

டர்க்ஸின் நூல் இவ்விடத்தில்தான் புது வெளிச்சம் தருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயிரிடப்பட்ட நிலத்தில் பத்தில் மூன்று பங்குக்கும் குறைவானதே வரிக்கோ பங்குக்கோ உட்பட்டிருந்தது, எஞ்சிய ஏழு பங்கும் இனாம் என்று அவர் கணக்கிடுகிறார். படைவீரர், அரண்மனைக் காவலர், ஊர் அதிகாரிகள், கைவினைஞர், கோயில்கள், மடங்கள், சத்திரங்கள், அந்தணர் ஆகியோர் அவற்றைப் பெற்றிருந்தனர். கும்பினியாரின் அதிகாரி இதனைக் கண்டு வருவாய் வீணாகின்றதென்று வருந்துவார். டர்க்ஸோ, கொடுப்பதே ஆளுதல் என்று வாதிக்கிறார். நிலத்தோடு பட்டமும், பட்டத்தோடு கோயில் மரியாதையும், மரியாதையோடு கடமையும் சென்றன. அரசன் கையிலிருந்து சென்ற இக்கொடைகளே சாதிகளின் உயர்வு தாழ்வையும் நாட்டம்பலக்காரரின் செல்வாக்கையும் நிறுத்தின. ஆகவே சாதி என்பது தூய்மை, தீட்டு என்ற சமயக் கருத்தினால் மட்டும் எழுந்ததன்று; அரசியலால் உருவானது. லூயி துய்மோன் 1966இல் கூறிய கோட்பாட்டுக்கு இது நேர் மறுப்பு. ஆங்கிலேயர் போரை நிறுத்தி, இனாமை வரி நிலமாக்கி, அரசனைச் சடங்குக்குரிய பொம்மையாக்கிய பின்பே மகுடம் வெறுமையாயிற்று என்பது அவர் முடிபு.

இவ்வாதத்தின் வன்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். புதுக்கோட்டையின் பிறப்பே ஒரு கொடைதானே! இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி, தொண்டைமானின் தங்கை காதலி நாச்சியாரை மணந்து, வெள்ளாற்றின் தெற்கிலுள்ள பகுதியைத் தம் மைத்துனர் இரகுநாதராயத் தொண்டைமானுக்கு அளித்தார். அதுபோலவே கும்பினியார் தம் போர்களில் தொண்டைமான் செய்த உதவிக்குக் கைம்மாறாக 1803இல் கீழாநிலைக் கோட்டையையும் அதனைச் சார்ந்த நாட்டையும் கொடுத்தனர். ஆண்டுக்கொரு யானை திறையாகத் தரவேண்டும் என்பது நிபந்தனை. 1836இல் அந்நிபந்தனையும் தள்ளுபடியாயிற்று. 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது பற்றிய சர்ச்சை இன்றும் ஓயவில்லை. அதனுள் இங்கே புகவேண்டுவதில்லை. கொடை பெற்றவன் கொடுத்தவனுக்குக் கடமைப்பட்டான் என்ற அதே விதி தொண்டைமானையும் கட்டியது என்று மட்டும் குறிப்பிடுவோம்.

நவராத்திரியில் நடந்த அரிசி வழங்கல் இவ்வரசியலின் காணத்தக்க வடிவம். திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் அடியாரெனத் தம்மை அழைத்துக்கொண்ட அரசர்கள், அவ்விழா நாட்களில் அரிசியோடு அம்மன் காசும் வழங்கினர். ஒருபுறம் அம்மன் உருவும் மறுபுறம் தெலுங்கெழுத்தில் ‘விஜய’ என்ற சொல்லும் பொறித்த அச்சிறு செப்புக் காசு அணாவில் இருபதில் ஒரு பங்கு. அதைக்கொண்டு வாங்கக்கூடியது மிகக் குறைவே. அதை யார் கையிலிருந்து பெற்றோம் என்பதில்தான் அதன் பெறுமதி இருந்தது. அரசரின் ஆடையணிகளையும் விழாக்களையும் கொண்டு 1994இல் ஜோன் பன்சோ வாகோர்ன் எழுதிய நூலும் இத்திசையிலேயே செல்கின்றது. படிக்கச் சுவையானது, ஆனால் ஊர்வலத்தில் நெடுநேரம் நின்றுவிட்டு வயலுக்குப் போக மறந்த நூல்.

டர்க்ஸிடம் நாம் வேறுபடுவது இனிக் கூறப்போகும் இடத்திலேயாம். கொடை என்ற சொல் கொடுப்பவன் பக்கத்துச் சொல். பெற்றவன் பக்கத்தில் அதன் பெயர் ஊழியம். சமஸ்தானத்தின் பழைய அறிக்கைகளில் காவலரும் ஏவலருமாகிய ஆயிரக்கணக்கானோர் ஊழியக்காரர் என்ற ஒரே பெயரால் குறிக்கப்பெற்றனர். படைத்தலைவன் பெற்ற அமர நிலமும், ஏவல் செய்தவன் பெற்ற துண்டு நிலமும் இனாம் என்ற ஒரே தலைப்பில் கணக்கேறின. தலைவனுக்கு அது பெருமை. மற்றவனுக்கோ அழைத்தபோது வரவேண்டிய கட்டாயம். ஒரே கொடை ஒருவனை உயர்த்தியும் மற்றொருவனைக் கட்டியும் வைத்ததென்றால், அதனை உறவு என்ற ஒரே சொல்லால் விளக்குவது போதாது.

பங்கு முறைக்கும் இது பொருந்தும். விளைச்சலில் ஒன்பதில் ஒரு பங்கு ஊர்ப்பணியாளருக்கு, எஞ்சிய எட்டில் உழவர்க்கு நான்கு, அரசர்க்கு நான்கு என்று டர்க்ஸ் தருகிறார். நேர்த்தியான கணக்குத்தான். ஆனால் உழவர் என்று கணக்கில் எழுதப்பட்டவர் நிலத்தின் பொறுப்பாளர். ஏர் பிடித்தவரும் நாற்று நட்டவரும் அவராக இருந்திருக்கவேண்டும் என்பதில்லை. நட்டவள் பெற்ற படி எந்தப் பங்கிலிருந்து வந்தது? கணக்கு வாய் திறக்கவில்லை. பள்ளரும் பறையரும் இந்நூலில் இல்லாமலில்லை. ஆயினும் அவர்கள் அரசனை நடுவாகக் கொண்ட வட்டத்தின் விளிம்பில் நிற்கின்றனர். வட்டத்தை வரைந்த கை நடுவிலிருந்தே வரைந்தது. ஆங்கிலேயர் வருமுன் மகுடம் நிறைந்திருந்தது என்று கேட்கும்போது, எவருக்கு நிறைந்திருந்தது என்று வினவுவது நம் கடமையாகின்றது.

கல்வெட்டுகளே வேறொரு வழியும் காட்டுகின்றன. சோழ பாண்டியப் பேரரசுகள் தளர்ந்த பின்னர், ஊரார் கூடித் தங்கள் காவலுக்கு ஒரு தலைவனை அமர்த்தி, அவனுக்குப் பாடிகாவல் உரிமையை எழுதிக்கொடுத்த சாசனங்கள் இப்பகுதியில் உண்டு. இங்கே கொடை மேலிருந்து கீழே இறங்கவில்லை. ஊரிலிருந்து தலைவனுக்கு ஏறிச் செல்கின்றது. டர்க்ஸ் இவற்றை அறியாதவரல்லர். அரசுருவாக்கத்தின் முதற்படியாக இவற்றைக் கொள்கிறார். ஆனால் ஊரே கொடுத்த உரிமை காலப்போக்கில் ஊருக்கு அரசன் இட்ட அருளாக மாறியது எவ்வாறு என்பதே இந்நாட்டு வரலாற்றின் நடு முடிச்சு என்று நமக்குத் தோன்றுகின்றது. அம்முடிச்சு இந்நூலில் அவிழவில்லை.

இனி நம் சொற்களுக்கு வருவோம். ஊழியம், காணிக்கை, மானியம் என்பவற்றை நாம் நாடோறும் வழங்குகிறோம். திருமறையின் தமிழ் மொழிபெயர்ப்பில் பவுலடியார் தம்மை ஊழியக்காரன் என்கிறார். சமஸ்தானத்துக் குடிமகன் ஒருவன் அச்சொல்லைக் கேட்டபோது அவன் மனக்கண்முன் நின்றவன் அரண்மனை வாயிலிலோ ஊர்க்காவலிலோ நின்ற ஏவலன். அடிமை என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லுக்கு அது பொருந்தாத மொழிபெயர்ப்பன்று. நாமோ நாளடைவில் அதனை ஆயரின் பதவிப் பெயராக்கிக்கொண்டோம். ஏவலன் பெயர் தலைவனுடையதாயிற்று. நம் ஆலயங்களிலும் முதல் மரியாதை யாருக்கு, முன்வரிசை யாருக்கு என்ற பிணக்குகள் எழுகின்றனவெனில், டர்க்ஸ் விவரித்த மரியாதை முறை கோயிலோடு நின்றுவிடவில்லை என்பது தெளிவு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆவூரில் பணி தொடங்கிய இயேசு சபையார் முதல் பின்வந்த சீர்திருத்தச் சபையார் வரை எவரும் இதனின்று முற்றும் தப்பினர் என்று சொல்வதற்கில்லை. திருச்சபை வரலாறுகளிலும் மிஷனெரி நடுவில் நிற்கிறார், சபையார் விளிம்பில் நிற்கின்றனர்.

நிலத்தையும் ஊழியத்தையும் பிணைத்த கட்டை அறுத்தவர்களுள் ஒருவர் இந்நகரிலேயே பிறந்தார் என்பதை இவ்வரலாற்று நூல்கள் போதிய அளவு எடுத்தாளவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாயார் சந்திரம்மாள் கோயிற்பணிக்குரிய குலத்தவர். தந்தையார் மன்னர் கல்லூரியின் தலைவராயிருந்தவர். ஆண்கள் கல்லூரியில் அவரைச் சேர்க்கலாகாது என்று எதிர்ப்பு எழுந்தபோது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தார். சமஸ்தானப் பெருமையாக இச்செய்தி அடிக்கடி சொல்லப்படுகின்றது. அதனினும் பெரிது 1929இல் அவர் முயற்சியால் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய சட்டத்திருத்தம். கோயிலில் பணிசெய்யும் நிபந்தனையின்மேல் தேவதாசியர் வைத்திருந்த இனாம் நிலத்தை, அப்பணியினின்று விடுவித்து அவர்களுக்கே உரியதாக்கிற்று அத்திருத்தம். சேஷையா சாஸ்திரியார் 1888இல் போரற்றுப்போன அமரக்காரருக்குச் செய்த ஏற்பாட்டில் அரசின் வருவாய் நோக்கமாயிருந்தது; இங்கோ ஊழியம் செய்தவளின் விடுதலை நோக்கம். தனிச் சட்டமன்றம் கொண்டிருந்த அவருடைய பிறந்த நாட்டை அச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை என்பது வேடிக்கையே.

சமஸ்தானம் மறைந்த பின்னும் இக்கதை நின்றுவிடவில்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்தில் பரவியபோது, கல்லுடைக்கும் பெண்கள் கல்குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்தனர். ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பி. சாய்நாத் 1996இல் வெளியிட்ட தம் நூலில் இவ்விரண்டையும் பதிவுசெய்துள்ளார். அவர்கள் பெற்ற குத்தகை இனாமன்று; எவர் காலிலும் விழாமல் பெற்ற உரிமை. மறுபுறம், 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிநீர் பெற்ற மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது கண்டறியப்பட்டது. சாதி அரசியலால் உருவானது என்ற டர்க்ஸின் கூற்று மெய்யானால், மகுடம் வெறுமையாகி, பின் மறைந்தும் போன ஒரு நாட்டில் தீட்டின் மொழி இவ்வளவு வன்மையோடு பேசுவதற்கு அவர் நூலில் விடை காண முடியவில்லை. துய்மோனை அவர் வென்றது நூலகத்தில்.

மாணவர்கள் கையேட்டை முதலிலும் டர்க்ஸை அடுத்தும் படிப்பது நலம். முன்னதின் செய்திகளில்லாமல் பின்னதின் வாதம் விளங்காது. 1888ஆம் ஆண்டு ஏற்பாட்டின் இனாம் பதிவேடுகளைச் சிற்றூர் சிற்றூராக எடுத்து, பெற்றவர் பெயரோடு அவர் செய்யவேண்டிய பணி இன்னதென்று எழுதிய பத்தியை மட்டும் ஒருவர் தொகுத்துத் தருவாராயின், இந்நாட்டின் மூன்றாவது வரலாறு அப்பத்தியிலிருந்தே தொடங்கும்.